கார் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு

(சேவுகம்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நோட்டீஸில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "வாழையும் தென்னையும் வைத்திருக்கிற ஊரில் கார் கம்பெனியைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், சேவுகம்பட்டியானாலும் ஐயம்பாளையமானாலும் பட்டிவீரன்பட்டியானாலும், ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த கையோடு பஸ் ஏறிப் போகிற ஊர்களில், கார் ஆலைகள் இருக்கிற ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் உண்டு. அது ஒரு காரணம். ஆனால் நான் வேலையைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. அந்தக் கம்பெனிகள் வரும்போது அரசாங்கம் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. வாக்கை நிறைவேற்றுகிற பணம் உங்களுடையது, என்னுடையது. அந்த வாக்கைப் பற்றித்தான் பேச்சு.

மானியம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் தருகிறார்கள். வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். சிட்டா, அடங்கல், ஆதார், தாசில்தார் கொடுத்த சிறு குறு விவசாயி சான்று எல்லாம் கொண்டுபோனீர்கள். குழாய் போட்ட பிறகு அதிகாரி தோட்டத்துக்கே வந்து, உங்களை வாழைக்கு நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். அதே நிலத்துக்கு ஏழு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொதுப்பணம் வாங்குகிறவன் கணக்குக் காட்டத்தான் வேண்டும். இந்த நியாயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதை எடுத்துக்கொண்டு ஒரகடத்துக்குப் போவோம்.

2008 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ரெனோ, நிசான் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அவர்கள் ஒரகடத்தில் கார் ஆலை கட்டுவார்கள். அரசு நிலம், மின்சாரம், சாலை வசதிகளோடு வரிச் சலுகையும் தரும். சலுகையின் முக்கியப் பகுதி, கம்பெனி கட்டுகிற மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பிக் கொடுப்பது. 2010ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 6,100 கோடி ரூபாய் போட்டு, ஆண்டுக்கு 4,80,000 வண்டி செய்கிற அளவுக்கு ஆலை வளர்ந்தது. அவர்கள் தரப்பு வேலை நடந்தது. நம் தரப்பில்தான் சிக்கல்.

வர வேண்டிய சலுகை வரவில்லை என்று நிசான் சொன்னது. பல தடவை எழுதிக் கேட்டோம், பதில் இல்லை என்றது. 2016 ஜூலையில் பிரதமருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. 2017ல் இந்திய நாட்டின் மீது சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டது. வராமல் நின்ற சலுகை 2,900 கோடி ரூபாய், நஷ்டஈடு 2,100 கோடி ரூபாய், வட்டி தனி. ஆக 5,000 கோடிக்கு மேல். சலுகைப் பாக்கியாகக் கேட்ட தொகையை மட்டும் எடுத்து, அவர்கள் போட்ட முதலோடு வைத்துப் பாருங்கள். ஏறத்தாழப் பாதி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வாக்குக் கொடுத்தது சென்னைக் கோட்டை. வழக்கு வந்தது டெல்லிக்கு. எப்படி? இந்தியாவும் ஜப்பானும் போட்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. அதில், ஒரு நாட்டு முதலீட்டாளருக்கு இன்னொரு நாட்டில் அநியாயம் நடந்தால் அவர் உள்ளூர் நீதிமன்றத்தைத் தாண்டி நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 2008ல் ஒரு மாநில அரசு எழுதிய காகிதத்துக்கு, மூன்று வருடம் கழித்து வந்த ஒப்பந்தம் ஒரு சர்வதேசப் பூட்டைப் போட்டுவிட்டது. 'இது வரி சம்பந்தப்பட்ட விஷயம், உங்கள் வரம்புக்குள் வராது' என்று இந்தியா வாதாடியது. விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2019 ஏப்ரலில் மன்றம் சொல்லிவிட்டது. 2020ல் சமரசமாக முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆலையில் தன்னிடம் இருந்த 51 சதவீதப் பங்கை ரெனோவிடம் விற்க நிசான் 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் கைமாறியது. ஆலை ஓடுகிறது, நல்லது. ஆனால் நாம் வாக்குக் கொடுத்த இரண்டு கம்பெனிகளில், வழக்குப் போட்ட கம்பெனி இன்றைக்கு அந்த ஆலையின் உரிமையாளர் இல்லை.

இதில் நிசானைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைக் கேட்டார்கள். நான் கேட்கிற கேள்வி வேறு. அத்தனை பெரிய வாக்கை ஏன் கொடுக்க வேண்டி வந்தது? பதிலுக்கு என்ன கேட்டு வாங்கினோம்? இதற்குப் பதில் சொல்ல எழுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

சுதந்திரத்துக்கு முன்பே அமெரிக்கக் கம்பெனிகள் இங்கே கார் விற்றுக்கொண்டிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் ஆலை வைத்தது. ஆலை என்றால், பெட்டியில் வரும் பாகங்களைப் பிரித்து, கோத்து, பெயின்ட் அடித்து விற்பது. 1953ல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை கொடுத்தது. பாகங்களை இங்கேயே படிப்படியாகச் செய்கிற திட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், வெறுமனே கோத்து விற்கிறவர்கள் கடையைக் கட்டலாம் என்றது. அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் போய்விட்டன. பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் பிரீமியர், நம் சென்னையின் ஸ்டாண்டர்டு, எண்ணூர் அசோக் லேலண்டு போன்றவர்கள் நின்றார்கள்.

இந்தக் கொள்கையை வைத்து நம் ஆட்கள் எப்போதும் அம்பாசடர் காரைத்தான் கிண்டல் செய்வார்கள். கிண்டலுக்கு நியாயம் இருக்கிறது. 1950களில் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்துச் செய்த வண்டியை 2014 வரை செய்துகொண்டிருந்தார்கள். போட்டி இல்லை, இறக்குமதி இல்லை, பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். உரிமம் கையில் வைத்திருந்தவருக்குக் காரை நன்றாகச் செய்ய அவசியமே இல்லாமல் போனது. கோவை ஜி.டி. நாயுடு 1952ல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகிற கார் செய்யப் பார்த்தார் என்றும் உரிமம் கிடைக்காமல் நின்றது என்றும் சொல்வார்கள். கெட்டிக்காரனையும் அது தடுத்தது, சோம்பேறியையும் அது காத்தது.

ஆனால் அதே கொள்கையின் இன்னொரு பக்கத்தை நம் ஆட்கள் பேசுவதில்லை. டி.வி.எஸ். குடும்பத்தைப் பாருங்கள். மதுரைக்காரர் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டித் தொடங்கியது. 1960க்குப் பிறகு சென்னை பாடியைச் சுற்றி அவர்கள் வரிசையாக ஆலை வைத்தார்கள். சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, மின்சார பாகத்துக்கு லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, காற்று பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன், போல்ட்டு நட்டுக்கு சுந்தரம் ஃபாஸனர்ஸ். பெரும்பாலானவற்றில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பங்காளியாகவோ தொழில்நுட்பம் தருபவராகவோ இருந்தது. அவர்கள் நம் மேல் அன்பு வைத்து வரவில்லை. பாகத்தை இங்கே செய்தால்தான் விற்க முடியும் என்ற சட்டம் இழுத்துவந்தது. அதற்கு அரசாங்கம் கஜானாவிலிருந்து கம்பெனிக்குப் பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. நிபந்தனை போட்டது, அவ்வளவுதான். அதற்கான விலையை, நல்ல கார் கிடைக்காத வாடிக்கையாளர் கொடுத்தார். அதையும் மறைக்கக் கூடாது.

அந்தப் பாடி ஆலைகள் என்ன ஆயின? சுந்தரம் கிளேட்டன் 1998ல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. சுந்தரம் ஃபாஸனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. நாம் ஒருகாலத்தில் "போய் வா" என்று அனுப்பிவைத்த அதே ஜெனரல் மோட்டார்ஸ்.

கொரியா இதைவிடக் கடுமையாகச் செய்தது. அங்கேயும் இறக்குமதிக்குத் தடை, அரசு வங்கிக் கடன், உள்நாட்டுக் கார் திட்டம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். உள்ளூரில் பாதுகாப்பு வேண்டுமா, வெளியூரில் விற்றுக் காட்டு என்றது. ஹூண்டாயின் முதல் சொந்தக் கார் போனி, 1976லேயே எக்வடாருக்குக் கப்பல் ஏறியது. போய் இறங்கிய கார் பெரிய தரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்தவன் காரோடு ஒப்பிடுகிற சந்தையில் நின்றது. அம்பாசடருக்கு அந்தச் சோதனை வரவே இல்லை. இருபது வருடம் கழித்து அந்த ஹூண்டாய்தான் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 1998ல் சான்ட்ரோவை விட்டது. அரசாங்க உதவியில் வளர்ந்த கம்பெனி, இன்னொரு அரசாங்கத்தின் உதவியோடு நம் ஊருக்கு வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சந்தை தானாக வளர்த்த கார் தொழில் என்று உலகத்தில் ஒன்றைக் காட்டச் சொன்னால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நாமும் 1997 டிசம்பரில் ஒரு நிபந்தனை போட்டோம். பாகங்களை இறக்கிக் கார் கோக்க வருகிற கம்பெனி மத்திய அரசோடு ஒப்பந்தம் போட வேண்டும். மூன்று வருடத்தில் 50 சதவீதம், ஐந்து வருடத்தில் 70 சதவீதம் உள்நாட்டுப் பாகம் இருக்க வேண்டும். இறக்குமதிக்குச் செலவான அந்நியச் செலாவணியை ஏற்றுமதி செய்து ஈடுகட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2001 டிசம்பரில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு போட்டு, பிறகு நாமே திரும்ப வாங்கிக்கொண்டோம்.

என் கட்சி இதுதான், கொஞ்சம் கவனியுங்கள். உலக வர்த்தக விதிகள் அரசாங்கத்தின் கையில் இருந்த இரண்டு கருவிகளில் ஒன்றைப் பறித்தன. "உள்நாட்டுப் பாகம் வாங்கு", "இவ்வளவு ஏற்றுமதி செய்" என்று கட்டளை போடுகிற கருவி போனது. அது அரசுக்குச் செலவில்லாத கருவி. காசு கொடுக்கிற கருவி மிஞ்சியது. அதற்கும் விதி உண்டு, ஆனால் ஓட்டைகளும் உண்டு. பணக்கார நாட்டுக்கு இது வசதி, ஏனென்றால் அவனிடம் காசு இருக்கிறது. நிபந்தனை போட முடியாத, காசும் குறைவான நாடு என்ன செய்யும்? அதன் மாநிலங்கள் ஒன்றோடொன்று ஏலம் போட ஆரம்பிக்கும்.

ஏலம் என்ற வார்த்தையை யோசித்துத்தான் சொல்கிறேன். 1999 நவம்பரில் எல்லா மாநில முதலமைச்சர்களும் டெல்லியில் கூடி, புதுத் தொழிற்சாலைகளுக்கு விற்பனை வரிச் சலுகை கொடுப்பதை 2000 ஜனவரி 1 முதல் நிறுத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்துதான் எடுத்த முடிவு. முன்வாசலைச் சாத்திவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்தார்கள். "வரி விலக்கு இல்லை, கட்டின வரியைத் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு வழி. "வரித்தொகையை வட்டி குறைந்த கடனாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று இன்னொரு வழி.

டாடா நானோவை மறந்திருக்கமாட்டீர்கள். 2008ல் வங்காளத்தின் சிங்கூரிலிருந்து கிளம்பிய ஆலையைக் குஜராத் சனந்துக்கு அழைத்தது. அப்போது வெளியான ஆவணங்களின்படி, 2,900 கோடி ரூபாய் முதலீட்டுக்கு 9,570 கோடி ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 0.1 சதவீதம். போட்ட முதலைப் போல மூன்று மடங்குக்கு மேல். கூட்டுறவு சங்கத்தில் தாலியையே அடகு வைத்தாலும் அந்த வட்டிக்குக் கிடைக்காது, அம்மா. நானோ உற்பத்தி 2018ல் நின்றது.

இந்த ஊர் பெருமாள் கோயிலில் தை மாதம் வாழைப்பழத்தைக் கூடை கூடையாகச் சூறை விடுகிறீர்கள். வேண்டிக்கொண்டது நடந்த பிறகு விடுகிறீர்கள். மாநில அரசுகள் வேண்டுதலோடு சேர்த்தே சூறையையும் விட்டுவிடுகின்றன. பலித்ததா என்று பிறகு பார்க்கிறவர் இல்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. கார் எந்த மாநிலத்தில் செய்யப்பட்டதோ அங்கே இல்லாமல், எந்த மாநிலத்தில் வாங்குகிறார்களோ அங்கே வரி போகிறது. ஒரகடத்தில் செய்த காரைப் பாட்னாவில் வாங்கினால் மாநிலப் பங்கு பீகாருக்கு. அது பீகாருக்கு நியாயம்தான். ஆனால் ஆலையை அழைத்து வந்த மாநிலத்துக்குக் காரிலிருந்து வரும் வரி குறைந்தது. கொடுத்த வாக்கு குறையவில்லை. வரியைத் திருப்பித் தருகிற பழைய முறையின் கணக்கே உடைந்தது. இப்போது முதலீட்டில் இத்தனை சதவீதம் நேரடி மானியம், நில விலையில் கழிவு, முத்திரைத்தாள் விலக்கு, மின்வரி விலக்கு என்று வேறு உருவத்தில் ஏலம் நடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. அவை தனித்தனி நாடுகள், தனித்தனி ராணுவம். ஆனால் ஒரு நாடு தன் கம்பெனிக்கு இஷ்டத்துக்கு அரசு உதவி கொடுக்க முடியாது. பெரிய உதவிகளுக்கு ஐரோப்பிய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2016ல், 5 லட்சம் யூரோவுக்கு மேல் யாருக்குக் கொடுத்தாலும் பெயர், தொகையோடு வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. ஒரே நாடான இந்தியாவில், மாநிலங்களின் ஏலத்துக்கு வரம்பு கட்டுகிற அமைப்பு ஒன்றுகூட இல்லை.

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் யோக்கியமா என்றால், இல்லை. அமெரிக்கா 2008, 2009 நெருக்கடியில் கார் தொழிலைக் காப்பாற்ற சுமார் 8,000 கோடி டாலர் இறக்கியது. 900 கோடி டாலருக்கு மேல் திரும்பி வரவில்லை. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னார்கள். கம்பெனியின் பங்கில் பாதிக்கு மேல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நிமிர்ந்த பிறகு விற்றது. டெஸ்லாவுக்கு 2010ல் 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தார்கள். அது 2013லேயே கட்டி முடித்தது. பிறகு 2022ல் மின்சார காருக்கு 7,500 டாலர் வரிச்சலுகை. ஆனால் வண்டி வட அமெரிக்காவில் கோத்ததாக இருக்க வேண்டும், பேட்டரியிலும் இத்தனை பங்கு அங்கிருந்தே வர வேண்டும். நம்மை 2001ல் நிறுத்திவைத்துக் கண்டித்த அதே காரியம்! அதையும் 2025 செப்டம்பர் 30ஓடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே, ஏப்ரலில், வெளியிலிருந்து வரும் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டாயிற்று. மே மாதம் உதிரிபாகத்துக்கும் நீட்டினார்கள். பாடியிலும் கோவையிலும் பாகம் செய்து அனுப்புகிறவர்களுக்கு அது நேரடி அடி.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. 1997க்கும் 2012க்கும் இடையில் மட்டும் சுமார் 3,000 கோடி ஆஸ்திரேலிய டாலர் கார் தொழிலுக்கு உதவியாகப் போனது என்று அவர்களுடைய உற்பத்தித்திறன் ஆணையமே கணக்குக் காட்டியது. அப்படியும் ஃபோர்டு 2016ல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரில் கடைசிக் காரைச் செய்தன. இன்று அந்த நாட்டில் பெரிய அளவில் கார் செய்கிற ஆலை கிடையாது.

சீனாதான் இதில் கெட்டிக்காரன். மின்சார வாகனத்துக்கு 2009 முதல் 2023 வரை சுமார் 23,000 கோடி டாலர் அரசு உதவி என்று ஓர் அமெரிக்க ஆய்வு மையத்தின் மதிப்பீடு. தொகை மட்டும் இல்லை. எந்த பேட்டரி போட்ட வண்டிக்கு மானியம் என்று 2015ல் ஒரு பட்டியல் வைத்தார்கள். அதில் கொரியாவின் எல்.ஜி.யும் சாம்சங்கும் இல்லை. உள்நாட்டு பேட்டரிக் கம்பெனிகள் கால் ஊன்றிய பிறகு 2019ல் பட்டியலை எடுத்தார்கள். 2022 முடிவில் வாங்குபவருக்கான மத்திய மானியத்தையும் நிறுத்தினார்கள். அதற்குள் உள்ளே இருந்த கம்பெனிகள் ஒன்றையொன்று அடித்துப் பழகியிருந்தன. இன்று அந்தக் கார்களைப் பார்த்து ஐரோப்பா பயப்படுகிறது. 2024 அக்டோபரில், ஏற்கெனவே இருக்கும் 10 சதவீதத்துக்கு மேல், சீனக் கம்பெனிகளான பி.ஒய்.டி.க்கு 17 சதவீதம், எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3 சதவீதம் என்று கூடுதல் வரி போட்டது.

நம் மத்திய அரசு 2021 செப்டம்பரில் வாகனத் தொழிலுக்கு 25,938 கோடி ரூபாயில் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. பேட்டரிக்குத் தனியாக 18,100 கோடி. விற்றுக் காட்டிய பிறகு பணம், அதுவும் மதிப்பில் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருந்தால்தான் பணம். நான் பார்த்த அரசாங்கத் திட்டங்களில் ஓரளவு புத்தியோடு எழுதியது இது. காசு இருக்கிறது, கூடவே நிபந்தனையும் இருக்கிறது. பிறகு என்ன ஆயிற்று? 2025 அக்டோபரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. உள்நாட்டுப் பொருளுக்கு இந்தியா சலுகை காட்டுகிறதாம்! பேட்டரிப் பட்டியல் வைக்காத நாடு சொல்லியிருந்தால் நானே கொஞ்சம் மரியாதையோடு கேட்டிருப்பேன். ஆனால் சிரித்துவிட்டு விடக்கூடிய வழக்கு இல்லை. விதிப் புத்தகத்தைத் திறந்தால் சீனாவின் வாதத்துக்கு இடம் இருக்கிறது. அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரிலிருந்து நீதிபதிகள் இல்லாமல் முடங்கிக் கிடப்பதால், தீர்ப்பு வந்தாலும் நிறைவேறுவது இழுக்கும். அந்த இழுபறியில் பெரிய நாடுகள் எல்லாம் தங்கள் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. நாமும் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இனி ஃபோர்டுக்கு வருகிறேன். 1990களின் நடுவில் மற்ற மாநிலங்களோடு போட்டி போட்டு ஃபோர்டை மறைமலை நகருக்குக் கொண்டுவந்தோம். தமிழ்நாட்டின் இன்றைய கார் தொழிலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி, அந்தப் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஃபோர்டைப் பார்த்து உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, அவற்றைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஆனால் பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் ஃபோர்டு மூடப்போவதாக அறிவித்தது. 2022 கோடையில் தொழிலாளர்கள் ஆலைக்குள் உட்கார்ந்து போராடியது நியாயமான இழப்பீட்டுக்காக. அந்தப் பேச்சுவார்த்தை கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நடந்தது. சலுகை கொடுத்து அழைத்து வந்த அரசாங்கம் அந்த மேசையில் எந்தக் காகிதத்தை வைத்துப் பேசியிருக்க முடியும்? "நீ போனால், வாங்கியதில் இவ்வளவைத் திருப்பிக் கொடு, தொழிலாளிக்கு இவ்வளவு வை" என்று ஒரு வரி ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் பேசியிருக்கலாம். நிரந்தரத் தொழிலாளியின் நிலை இது. நம் ஊர்களிலிருந்து போகிற பிள்ளைகளில் பலர் டிரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட். அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலியே கிடையாது.

2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு திரும்பி வருவதாக ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் என்ஜின் ஆலை; 2029ல் உற்பத்தி. வரட்டும், வரவேற்போம். தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் ஆலை திறந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் பனப்பாக்கத்தில் டாடாவின் 9,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் வருவார்கள். பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை வரை வருகிற அவர்கள் காருக்கு 100 சதவீதத்துக்கு மேல் இருந்த சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதமாக இறக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். சுங்கச் சுவர் இறங்க இறங்க, "உங்கள் ஊரில் ஏன் ஆலை வைக்க வேண்டும்? கப்பலில் அனுப்பிக்கொள்கிறேன்" என்று கம்பெனி சொல்ல முடியும். அப்போது கேட்கிற சலுகை இன்னும் கூடும்.

அதனால் நம் பேரம் இன்னும் கூர்மையாக வேண்டும். சில விஷயங்களை உலக விதி தடுக்கவில்லை. முடிகிற தேதி எழுதுவதைத் தடுக்கவில்லை. ஆலையை மூடினால் பணத்தைத் திருப்பு என்று எழுதுவதைத் தடுக்கவில்லை. சலுகையை நிரந்தர வேலை எண்ணிக்கையோடு கட்டுவதைத் தடுக்கவில்லை. காசுக்குப் பதில் பங்கு கேட்பதைத் தடுக்கவில்லை. பயிற்சி நிலையத்துக்கும், பாகங்களைச் சோதிக்கிற பொது ஆய்வுக்கூடத்துக்கும் செலவழித்தால் கம்பெனி போனாலும் அவை இங்கேயே இருக்கும், அதையும் தடுக்கவில்லை. கொடுப்பதை ஊரறிய வெளியிடுவதை யார் தடுத்தது? அமெரிக்காவில் மாநிலங்களும் நகராட்சிகளும் வரிச்சலுகையால் எவ்வளவு வருமானம் இழந்தோம் என்று ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2015லேயே கணக்கியல் விதி வந்துவிட்டது. "வெளியே சொன்னால் அடுத்த மாநிலம் அதைவிட அதிகமாகக் கொடுக்க முன்வரும்" என்று நம் அதிகாரிகள் சொல்வார்கள். அடுத்த மாநிலத்துக்கு அது ஏற்கெனவே தெரியும், ஐயா. கம்பெனிக்காரரே இரண்டு பேரிடமும் மாறி மாறிக் காட்டித்தான் விலையை ஏற்றுகிறார். தெரியாதது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்.

இதைச் செய்வதற்குக் கார் தொழிலைப் பற்றிப் பெரிய அறிவு தேவையில்லை. கிராம சபை இல்லாவிட்டாலும் வார்டு கூட்டத்திலோ, ஓட்டுக் கேட்டு வருகிறபோதோ உங்கள் எம்.எல்.ஏ.விடம் ஒன்று கேளுங்கள். எந்தக் கம்பெனிக்கு, எந்த வருடம், எத்தனை கோடி கொடுத்தோம், அதற்கு எத்தனை நிரந்தர வேலை வந்தது என்ற பட்டியலை ஒவ்வொரு பட்ஜெட்டோடும் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். சொட்டுநீர்க் குழாய்க்கு நீங்கள் வாழைக்கு நடுவில் நின்று படம் கொடுத்திருக்கிறீர்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.